தனித் தட்டு எதற்கு? முதலில் ஜன்னலைத் திறங்கள்

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எங்களுக்கு வெண்ணாற்றங்கரையில் ஒரு கிராமம். எனக்கு வயது 29, ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. என் வீட்டுக்காரர் கதிர் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறார். வருடத்தில் நாலைந்து மாதம் ஆந்திரா, கர்நாடகா என்று போய்விடுவார். பொங்கலுக்கு வந்தவருக்கு இருமல் நிற்கவே இல்லை, உடம்பும் பாதியாகிவிட்டது. சளியைப் பார்த்து டி.பி. என்றார்கள். கூடவே எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று வந்தது. சி.டி.4 என்று ஒரு கணக்கு 138 என்கிறார்கள். டி.பி. மாத்திரை ஆரம்பித்து ஒன்பது நாள் ஆகிறது. எச்.ஐ.வி.க்கு இன்னும் மருந்து தரவில்லை, வேண்டுமென்றே அலைய விடுகிறார்களோ என்று இருக்கிறது. மாசிக் கடைசியில் எனக்கும் பரிசோதித்தார்கள், இல்லை என்று வந்தது. அதை நம்பலாமா? இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் எனக்கு எப்படி வராமல் இருக்கும்? நாங்கள் கடைசியாகச் சேர்ந்திருந்தது தை மாதக் கடைசி. இது எச்.ஐ.வி.யா, எய்ட்ஸா? மாமியார் அவருக்குத் தட்டு, டம்ளர், பாய் எல்லாம் தனியாக வைத்து, உள் அறையில் படுக்க வைத்து, காற்று பட்டால் ஆகாது என்று ஜன்னலையும் சாத்திவிட்டார். சொந்தக்காரர் ஒருவர், 48 நாளில் அடியோடு போக்கும் கஷாயம் இருக்கிறது, 40 ஆயிரம் ஆகும் என்கிறார். சங்கிலியை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். இன்னொரு குழந்தைக்கு ஆசைப்பட்டோம், அது இனி இல்லைதானே? பெயர், ஊர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். இதைப் படித்து முடித்ததும் எழுந்துபோய் அந்த உள் அறை ஜன்னலைத் திறந்துவிடுங்கள். அதுதான் முதல் வைத்தியம்.

உங்கள் வீட்டுக்கு இப்போது இரண்டு நோய் வந்திருக்கிறது. ஒன்று காற்றில் பரவும், மற்றது பரவாது. மாமியார் பயந்து ஒதுக்குவது பரவாததைப் பார்த்து. அவர் சாப்பிட்ட தட்டிலேயே நீங்கள் சாப்பிட்டாலும், அவர் எச்சில் பட்ட டம்ளரில் குழந்தை தண்ணீர் குடித்தாலும் எச்.ஐ.வி. வராது. ஆனால் டி.பி. கிருமி, அவர் இருமும்போதும் உரக்கப் பேசும்போதும் வெளியே வந்து, சாத்திய அறைக்குள் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். அந்த அறையில் பாட்டியும் பேத்தியும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் டி.பி. தொற்ற வழியிருக்கிறது. வெயிலும் காற்றும் உள்ளே வந்தால் அந்தக் கிருமி நிற்காது. திண்ணையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு அவர் படுத்தால் இன்னும் நல்லது. இருமும்போது வாயைத் துண்டால் மூடிக்கொள்ளட்டும், முடிந்தால் முகக்கவசம் போடட்டும். மருந்துக்குக் கட்டுப்படும் டி.பி.யாக இருந்து, மாத்திரையும் விடாமல் போனால், இரண்டு மூன்று வாரத்தில் அவர் பிறருக்குப் பரப்பும் சக்தி பெரும்பாலும் அடங்கிவிடும்.

நீங்கள், குழந்தை, மாமியார் மூன்று பேரும் டி.பி. பரிசோதனைக்குப் போக வேண்டும். நோய் இல்லை என்று தெரிந்தால், வராமல் தடுக்கவும் மாத்திரை உண்டு. அவர்களாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேட்டு வாங்குங்கள். அவருடைய வங்கிப் பாஸ்புக் நகலைக் கொடுத்தாயிற்றா? டி.பி. சிகிச்சை நடக்கும் வரை சத்தான சாப்பாட்டுக்கு மாதம் 1000 ரூபாய் அவர் கணக்கில் வர வேண்டும். முட்டைக்கும் சுண்டலுக்கும் ஆகும்.

சரி, எச்.ஐ.வி.க்கு வருவோம். அது ரத்தம், விந்து, பெண்ணுறுப்பிலும் ஆசனவாயிலும் சுரக்கும் நீர், தாய்ப்பால் இவற்றில்தான் தொற்றும் அளவுக்கு இருக்கும். எனவே அது வரும் வழிகளும் குறைவு: ஆணுறை இல்லாத உடலுறவு, ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது, பரிசோதிக்காத ரத்தம், தாயிடமிருந்து குழந்தைக்கு. அவ்வளவுதான். எச்சிலில் வராது, வியர்வையில் வராது, ஒரே குளத்தில் குளித்தால் வராது. நம் பக்கத்துக் கொசுவைப் பற்றியும் கேட்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். கொசு தான் குடித்த ரத்தத்தை அடுத்தவர் உடம்பில் செலுத்துவதில்லை, அது செலுத்துவது தன் எச்சிலை. எச்.ஐ.வி. அதன் வயிற்றிலேயே செரித்துப் போகும். சவர பிளேடையும் பல் தேய்க்கும் பிரஷையும் மட்டும் அவரவருக்குத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அது எந்த வீட்டிலும் இருக்க வேண்டிய பழக்கம்தான்.

உங்களுக்கு வராமல் இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆணிடமிருந்து பெண்ணுக்கு, ஒரு முறை உறவில் தொற்றும் வாய்ப்பு சராசரியாகப் பத்தாயிரத்தில் எட்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதைக் கேட்டு யாரும் துணிந்துவிடக் கூடாது. அது வெறும் சராசரி. தொற்று புதிதாக வந்த வாரங்களிலும், உங்கள் கணவர் இப்போது இருப்பதுபோல் முற்றிய நிலையிலும் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகம். பிறப்புறுப்பில் புண் இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். முதல் முறையிலேயே தொற்றியவர்களும் இருக்கிறார்கள், பத்து வருடம் சேர்ந்து வாழ்ந்தும் தொற்றாதவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் உங்கள் பரிசோதனை இன்னும் முடியவில்லை. கிட்டில் பார்ப்பது பெரும்பாலும் வைரஸை அல்ல, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை. அது தெரியும் அளவுக்கு வர மூன்று வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். தைக் கடைசியில் சேர்ந்திருந்து மாசிக் கடைசியில் பரிசோதித்தால் நடுவில் ஒரே மாதம்தான். அதற்கு முந்திய வருடங்களுக்கு அந்த முடிவை நம்பலாம், கடைசி வாரங்களுக்கு முழுசாக நம்ப முடியாது. சித்திரைக் கடைசியில், அரசு எச்.ஐ.வி. பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்துக்குப் போய் மறுபடி ரத்தம் கொடுங்கள். அப்போதும் இல்லை என்று வந்தால் இல்லை. அதற்கப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும். அவருடைய முடிவு தப்பாக இருக்குமோ என்ற சந்தேகமும் வேண்டாம். ஒரே கிட்டை நம்பி யாருக்கும் 'இருக்கிறது' என்று எழுத மாட்டார்கள். முதல் கிட் ஆம் என்றால், வேறு தயாரிப்புக் கிட்டுகளிலும் பார்த்து, எல்லாம் ஒத்துவந்த பிறகுதான் சொல்வார்கள்.

உங்களுக்கு இல்லை என்பது உறுதியானால் குழந்தைக்கும் பயமில்லை. பிறப்பிலோ தாய்ப்பாலிலோ வர வேண்டுமென்றால் அது உங்கள் வழியாகத்தான் வர வேண்டும். அப்பா மடியில் உட்காருவதால் எதுவும் வராது.

இனி, எச்.ஐ.வி.யா எய்ட்ஸா என்று கேட்டீர்களே. எச்.ஐ.வி. என்பது கிருமியின் பெயர். எய்ட்ஸ், அந்தக் கிருமி வருடக்கணக்கில் அரித்த பிறகு உடம்பு வந்து நிற்கும் நிலையின் பெயர். ஆற்றங்கரைக்காரர் நீங்கள், மதகையும் லஸ்கரையும் தெரிந்திருக்கும். லஸ்கர் யார் வயலுக்கும் தன் கையால் தண்ணீர் இறைப்பதில்லை. எந்த மதகை எப்போது எவ்வளவு தூக்குவது என்பதுதான் அவர் வேலை. அவர் இல்லாவிட்டால் மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் ஆற்றில் ஓடினாலும் கடைமடை காயும். சி.டி.4 என்னும் வெள்ளை அணுக்கள் நம் ரத்தத்தின் லஸ்கர்கள். கிருமியைக் கொல்லும் மற்ற அணுக்களுக்கு உத்தரவு அவற்றிடமிருந்துதான் போகும். எச்.ஐ.வி. குறிவைப்பது அவற்றை. அணுவின் மேல் ஒட்டி உள்ளே நுழைந்து, தன் மரபுக் குறிப்பான ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதி, நம் அணுவின் மரபுச் சங்கிலியிலேயே செருகிவிடும். அப்புறம் அந்த அணு தன் வேலையை விட்டுவிட்டு வைரஸ் செய்யும் பட்டறையாகி அழியும்.

இது ஒரு நாளில் நடப்பதில்லை. தொற்றிய சில வாரத்தில் பலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, தடிப்பு வந்து தானாகப் போய்விடும். சாதாரண ஜுரம் என்றே நினைப்பார்கள். அதன் பிறகு எட்டுப் பத்து வருடம்கூட ஒரு தொந்தரவும் தெரியாது. ஆள் நன்றாக உழைப்பார், சாப்பிடுவார். உள்ளே கணக்கு மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். நல்ல உடம்பில் சி.டி.4 எண்ணிக்கை 500க்கு மேல் இருக்கும். 200க்குக் கீழே போனாலோ, உத்தரவு கொடுக்க ஆளில்லாத உடம்பில் மட்டும் தலைதூக்கும் சில நோய்கள் வந்தாலோ அதை எய்ட்ஸ் என்கிறோம். நம் நாட்டில் அப்படி முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் டி.பி.தான். டி.பி. வந்த எல்லோருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்வது அதனால்தான்.

மழுப்பாமல் சொல்கிறேன். 138 என்பது எய்ட்ஸ் கட்டம். ஆனால் அந்த எண் போன வழியிலேயே திரும்பி வரும். மருந்து ஆரம்பித்த முதல் வருடத்தில் நூறு, நூற்றைம்பது கூடியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மேட்டூர் நாற்பது அடிக்கு இறங்கியதைப் பார்த்த நாம்தான் 120 அடி நிரம்பியதையும் பார்த்தோம்.

இன்னொன்றும் அந்த எண்ணிலிருந்து தெரிகிறது. 138க்கு இறங்கப் பொதுவாகப் பல வருடம் ஆகும். உங்கள் கல்யாணத்துக்கு முன்பே தொற்றியிருக்கலாம், பிறகும் தொற்றியிருக்கலாம். எப்போது, யாரிடமிருந்து என்று எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது. ஆந்திராவில் எங்கே போனாய் என்று அவரிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நான் அதில் தலையிடவில்லை. ஆனால் இந்த மாதம் வேண்டாம். அவர் எடை ஏறி, எழுந்து நடமாடட்டும்.

மருந்து தராமல் அலைய விடவில்லை, அவர்கள் செய்வது சரிதான். டி.பி. மாத்திரையும் எச்.ஐ.வி. மாத்திரையும் ஒரே நாளில் ஆரம்பித்து, வாந்தியோ தடிப்போ மஞ்சள் காமாலையோ வந்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. டி.பி. மருந்தை முதலில் கொடுத்து, அது ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்து, இரண்டு வாரத்துக்குள் அடுத்ததை ஆரம்பிப்பதுதான் இப்போதைய முறை. மூளைக்காய்ச்சல் இருந்தால் மட்டும் இன்னும் தள்ளிப்போடுவார்கள். அதனால் கடும் தலைவலி, கழுத்து விறைப்பு ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் கொடுக்கப்போவது பெரும்பாலும் டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் என்ற மூன்று மருந்தும் சேர்ந்த ஒரே மாத்திரையாக இருக்கும். முதல் இரண்டும் வைரஸ் தன்னைத் திருப்பி எழுதுவதைத் தடுக்கும். மூன்றாவது, நம் மரபுச் சங்கிலியில் அது செருகிக்கொள்வதைத் தடுக்கும். மற்றவர்களுக்கு நாளுக்கு ஒரு மாத்திரை போதும். உங்கள் கணவருக்கு 12 மணி நேரம் கழித்துத் தனியாக இன்னொரு டொலுடெக்ராவிரும் தருவார்கள். டி.பி.க்கான ரிஃபாம்பிசின், இந்த மருந்தை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும், அதை ஈடுகட்டத்தான் இது. ஊரில் இன்னொருவருக்கு ஒன்றுதான் தருகிறார்கள், எனக்கு ஏன் இரண்டு என்று ஒன்றை நிறுத்திவிட வேண்டாம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதும் ரிஃபாம்பிசினால்தான், ரத்தம் அல்ல. நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் மாதிரி எதையாவது குடிக்கும் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதோடு சேர்த்து விழுங்கினால் டொலுடெக்ராவிர் சரியாக உள்ளே போகாது. அது குடித்து ஆறு மணி நேரம் கழித்தோ, குடிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்போ மாத்திரையைப் போட வேண்டும். 138 என்ற கணக்குக்கு கோ-ட்ரைமாக்சசோலும் தருவார்கள். நம் பெரியவர்கள் செப்ட்ரான் என்று சொல்லும் அதே மருந்துதான், வேறு கிருமிகள் வராமல் காக்க.

இனிச் சொல்வதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் அவருக்குக் காய்ச்சல் திரும்பலாம், கழுத்தில் நெறி கட்டலாம், இருமல் கூடலாம். 'இந்த மருந்துதான் கெடுத்தது' என்று வீட்டில் தோன்றும். உண்மையில் எழுந்துகொண்ட லஸ்கர்கள் உத்தரவு போட ஆரம்பித்ததும், இதுவரை கேட்பாரற்றுக் கிடந்த டி.பி. கிருமியோடு உடம்பு சண்டைக்குப் போகிறது. அந்தச் சண்டையின் சூடுதான் அது. மருத்துவமனைக்கு உடனே கூட்டிப் போங்கள், தேவையானால் அதற்கும் மருந்து தருவார்கள். அவர்கள் சொல்லாமல் ஒரு மாத்திரையைக்கூட நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இப்போது கஷாயம். எச்.ஐ.வி.யை ஏன் அடியோடு எடுக்க முடியவில்லை என்பது வயலில் இறங்கியவர்களுக்குச் சுலபமாகப் புரியும். கோரையை எத்தனை தடவை களையெடுத்தாலும் கிழங்கு சேற்றுக்குள் கிடக்கும். எச்.ஐ.வி.யும் அப்படித்தான், மாத்திரை போட்டுக்கொண்டே இருக்கும்வரை மேலே தளிர்க்காது. வைரஸ் செருகிக்கொண்ட அணுக்களில் சில, தூங்கிக்கொண்டே வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். தூங்கும் அணுவை மருந்து தொடாது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரத்தில் மறுபடி முளைக்கும். அந்தக் கிழங்கை எடுக்கும் மருந்து உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் இன்னும் இல்லை. புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்றப்பட்ட ஒரு சிலருக்கு மட்டும் போயிருக்கிறது. அது உயிரைப் பணயம் வைக்கும் சிகிச்சை, இதற்காக யாருக்கும் செய்வதில்லை.

அப்படியானால் கஷாயக்காரர் காட்டும் 'வைரஸ் இல்லை' என்ற ரிப்போர்ட் எங்கிருந்து வந்தது? அரசு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடும் பெரும்பாலோருக்கு ஆறு மாதத்தில் அப்படித்தான் ரிப்போர்ட் வரும். நடுவில் கஷாயமும் குடித்தவர், பெயரைக் கஷாயத்துக்குக் கொடுத்துவிடுவார். எய்ட்ஸைக் குணமாக்கும் என்று சொல்லி எந்த மருந்தையும் விற்பது நம் நாட்டுச் சட்டப்படியே தவறு. என்ன கலந்தது என்று தெரியாத பொருள், டெனோஃபோவிர் சாப்பிடுகிறவரின் சிறுநீரகத்துக்கு இன்னும் ஆபத்து. 2004 ஏப்ரலில் அரசு இந்தக் கூட்டு மருந்தை இலவசமாகத் தர ஆரம்பிக்கும் முன், ஒரு மா, இரண்டு மா என்று நிலத்தை விற்று மாத்திரை வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நிலம் தீர்ந்தது, மாத்திரையும் நின்றது. அந்த முகங்களை நினைத்தால், இன்று காசில்லாமல் கிடைப்பதை விட்டுவிட்டு 40 ஆயிரத்துக்குக் கஷாயம் என்கிறவரைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வருகிறது.

குழந்தை ஆசைக்கு வருவோம். அது முடிந்துபோகவில்லை, ஒரு வருடம் தள்ளிப்போகிறது. மாத்திரை ஆரம்பித்த ஆறாவது மாதத்திலும் பன்னிரண்டாவது மாதத்திலும் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பார்கள். எண்ண முடியாத அளவுக்கு இறங்கி, அப்படியே இருந்தால், அவரிடமிருந்து உறவு மூலம் உங்களுக்குத் தொற்றாது. இதை வாய்வார்த்தையாகச் சொல்லவில்லை. ஐரோப்பாவில் 'பார்ட்னர்' என்ற ஆய்வில், ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்து, மருந்தால் வைரஸ் அடங்கியிருந்த ஜோடிகளைப் பல வருடம் கவனித்தார்கள். ஆணுறை இல்லாமல் சேர்ந்திருந்தும் துணையிடமிருந்து ஒருவருக்கும் தொற்றவில்லை. எனவே டி.பி. சிகிச்சை முடிந்து, வைரஸும் அடங்கியது உறுதியானதும், ஏ.ஆர்.டி. மைய (எச்.ஐ.வி. கூட்டு மருந்து தரும் மையம்) டாக்டரிடம் சொல்லிவிட்டு இயல்பாகவே முயலலாம். உங்களுக்குத் தொற்று இல்லாதவரை குழந்தைக்கு எதுவும் வராது. ஒருவேளை சித்திரைப் பரிசோதனையில் உங்களுக்கும் இருக்கிறது என்று வந்தால்கூட இந்தக் கதவு மூடாது. மருந்தே இல்லாவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 வரை குழந்தைக்குப் போகக்கூடிய தொற்றை, தாய்க்கும் குழந்தைக்கும் மருந்து கொடுத்து ஐந்துக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள்.

அதுவரை ஆணுறை கட்டாயம். அது கிழிந்துவிட்டால் அன்றே, எப்படியும் 72 மணி நேரத்துக்குள், அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 28 நாள் மாத்திரை சாப்பிட்டால் தொற்றைத் தடுக்கலாம். அவருக்கு வைரஸ் அடங்கும்வரை நீங்களே தினமும் ஒரு தடுப்பு மாத்திரை சாப்பிடும் வழியும் இருக்கிறது, அதையும் கேட்டுப் பாருங்கள்.

அவர் மறுபடி மிஷினில் ஏறுவார். அதற்குள் மாத்திரை வாங்கும் ஏற்பாட்டைப் பேசிவிடுங்கள். நிலைமை சீரானால் இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்துத் தருகிறார்கள். வெளி மாநிலத்தில் இருக்கும்போது அங்குள்ள மையத்திலும் வாங்கலாம், மையத்தில் தரும் சிகிச்சைப் புத்தகத்தைக் கையில் கொண்டுபோக வேண்டும். உள்ளூரில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூச்சமாக இருந்தால் வேறு ஊர் மையத்துக்கு மாற்றிக் கேட்கலாம், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது. முதலாளிக்கு இதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வதும், இதைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்குவதும், குழந்தையைப் பள்ளியில் ஒதுக்குவதும் 2017ஆம் வருட எச்.ஐ.வி. சட்டப்படி தடை செய்யப்பட்டவை. சந்தேகம் எதுவானாலும் 1097க்குப் போன் செய்யுங்கள், கட்டணமில்லை, பெயரும் சொல்ல வேண்டாம்.

மாமியாரிடம் நீங்கள் வாதாட வேண்டாம், மருமகள் சொன்னால் எடுபடாது. மாமியாரிடம் இதை விவரமாகப் பேசலாம் என்று உங்கள் கணவர் சம்மதித்தால், அடுத்த வாரம் மையத்துக்குப் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். அங்கே ஆலோசகர் இருப்பார், இதே தட்டு டம்ளர் கதையை தினமும் பத்துப் பேரிடம் பேசுகிறவர். அவர் சொல்லட்டும். அன்று எப்படியும் டி.பி. பரிசோதனைக்கு மாமியார் வர வேண்டியிருக்கிறது.

சித்திரைக் கடைசிப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.